ஒன்றுமில்லை!

வீட்டில் யாராவது வேளை தவறிப் படுத்துக்கொண்டால், "உடம்புக்கு என்ன?" என்று கேட்கிறோம். "ஒன்றுமில்லை" என்று பதில் வருகிறது. நாமும் திருப்தியடைந்து நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். தமிழ்க் குடும்பங்களில் இந்த "ஒன்றுமில்லை"யைப் போல் இரவு பகலாக உழைக்கும் சொல் வேறு கிடையாது. தலைவலியோடு தோசை வார்க்கும் அம்மாவும் ஒன்றுமில்லை என்கிறாள். மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அப்பாவும் ஒன்றுமில்லை என்கிறார்.

மனிதர்கள் சொல்லும் ஒன்றுமில்லையை ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். முகம் காட்டிக் கொடுத்துவிடும். ஆனால், வாசகர்களே, உடம்பே ஒன்றுமில்லை என்று சொல்வது உண்டு. அது உங்களுக்குத் தெரியுமா? கொல்லைப்புறத்தில் தீப்பற்றி எரியும்போதும் வாசலில் அழகாகக் கோலம் போட்டு வைக்கும் சாமர்த்தியம் இந்த உடம்புக்கு இருக்கிறது. அந்தக் கோலத்தைப் பார்த்து ஏமாறாமல் இருப்பதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது. படிப்பு என்று இருந்தால் பரீட்சை என்று ஒன்று இல்லாமல் போகுமா? அதுவும் இருக்கிறது.

பேனா பிடிக்கிற பத்திரிகைக்காரனுக்கும் நர்ஸ் பரீட்சைக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பது நியாயம். தாய்மாமன் என்ற முறையில் ஏற்பட்ட சம்பந்தம் அது. என் அக்காளைச் சிங்காரப்பேட்டையில் கொடுத்திருக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் ஊத்தங்கரையைத் தாண்டினால் வருகிற ஊர். எட்டிப் பார்த்தால் ஜவ்வாது மலை. சித்திரை, வைகாசி வந்துவிட்டால் எங்கு திரும்பினாலும் மாங்காய் வாசனை. அங்கே அக்காளின் மூத்த மகள் அமெரிக்காவின் நர்ஸ் உரிமத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். "நீ இங்கிலீஷ் படித்தவன்தானே? பத்து நாள் லீவு போட்டுவிட்டு வந்து குழந்தைக்குக் கேள்வி கேளேன்" என்று அக்காள் போனில் சொன்னாள். அக்காள் சொன்னால் அப்பீல் ஏது? பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

குழந்தை என்று அக்காள் சொன்ன பெண்ணுக்கு இருபத்துநாலு வயது. மூன்று வருஷ நர்ஸிங் டிப்ளமோ முடித்து, சென்னையிலுள்ள நர்ஸுகள் கவுன்ஸிலில் பெயரைப் பதிந்துகொண்டு, கிருஷ்ணகிரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் ராத்திரி டியூட்டி பார்த்தவள். அவளோடு பள்ளியில் படித்த பெண்களில் சிலர் ஓசூர்ப் பக்கம் தொழிற்சாலை வேலைக்குப் போய், ஹாஸ்டலில் தங்கி, மாதம் ஒரு முறை ஊருக்கு வருகிறார்கள். இவள் இன்னும் கொஞ்சம் தூரமாகப் போகலாம் என்று தீர்மானித்துவிட்டாள். கடல் கடந்து!

* * *

அந்தப் பரீட்சைக்கு என்கிளெக்ஸ் என்று பெயர். அமெரிக்காவில் நர்ஸ் வேலைக்கு இரண்டு விதமான உரிமங்கள் உண்டு. ஒன்று பதிவு பெற்ற நர்ஸுக்கு. மற்றொன்று, நடைமுறை நர்ஸ் என்று அவர்கள் சொல்லும், அவருக்கு அடுத்த படியில் இருப்பவருக்கு. இரண்டுக்கும் தனித்தனிப் பரீட்சை. அமெரிக்காவுக்குப் போய்த்தான் எழுத வேண்டும் என்பதில்லை. சென்னையில் எழுதலாம், பெங்களூரில் எழுதலாம். சிங்காரப்பேட்டைக்காரிக்குப் பெங்களூர் ஒன்றும் அந்நிய தேசம் அல்லவே!

நாம் எழுதிய பரீட்சைகளைப் போன்றதல்ல இது. கேள்வித்தாளும் கிடையாது, கூடுதல் தாள் கேட்டு வாங்குவதும் கிடையாது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டும். ஒரு கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னால் அடுத்த கேள்வி கஷ்டமாக வரும். தவறினால் அடுத்தது கொஞ்சம் இலேசாக வரும். ஆளுக்கு ஆள் கேள்விகள் வேறு, எண்ணிக்கையும் வேறு. குறைந்தது 85 கேள்விகள். அதிகம் போனால் 150. நேரம் ஐந்து மணி. உங்கள் தகுதி இன்னதென்று இயந்திரத்துக்குத் தெளிவாகத் தெரிந்த உடனே திரை அணைந்துவிடும். 85-ஆவது கேள்வியோடு அணைந்தால் வெகு நன்றாக எழுதியிருக்கிறோம் என்றும் அர்த்தம் உண்டு. வெகு மோசமாக எழுதியிருக்கிறோம் என்றும் அர்த்தம் உண்டு! பெண்கள் அழுதுகொண்டே வெளியே வருகிறார்களாம், எதற்காக அழுகிறோம் என்று தெரியாமலேயே.

இந்தப் பரீட்சையின் பாடத்திட்டத்தில் ஒரு பகுதி இருக்கிறது. நடைமுறை நர்ஸுக்கும் அது உண்டு. பதிவு பெற்ற நர்ஸுக்கும் உண்டு. நோய் வந்தால் உடம்பு அதற்குத் தகுந்தபடி தன்னை எப்படி மாற்றிக்கொள்கிறது, அந்த மாற்றம் எதுவரை தாங்கும், தாங்காமல் போகும் சமயத்தை நர்ஸ் எப்படிக் கண்டுபிடிப்பது என்பது பற்றியது. அக்காள் மகளுக்கு மற்றப் பகுதிகளெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. இந்தப் பகுதிதான் தகராறு செய்தது. ஆகையால் பத்து நாளும் எனக்கு அதுவே வேலையாகிவிட்டது. காலையில் மாமரத்தடி, மாலையில் திண்ணை. நான் வாசிப்பேன்; அவள் பதில் சொல்வாள்; பிறகு ஏன் அப்படி என்று எனக்கு விளக்குவாள். விளங்கியதை உங்களுக்கும் கொஞ்சம் சொல்லுகிறேன்.

* * *

நம் உடம்புக்குள் எல்லாம் ஒரு கணக்கின்படி நடக்கிறது. வெளியே பங்குனி வெயில் கொளுத்தினாலும் மார்கழிப் பனி கொட்டினாலும் உள்ளே சூடு ஏறக்குறைய 37 டிகிரி சென்டிகிரேடுதான். ரத்தத்தின் காரத்தன்மை 7.35-க்கும் 7.45-க்கும் நடுவே ஒரு நூலிழை இடத்தில் நிற்க வேண்டும். இப்படி உள்ளே ஒரு நிலையான உலகத்தை உடம்பு காப்பாற்றி வருகிறது என்பதைச் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் கிளாட் பெர்னார் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி எடுத்துச் சொன்னார். அந்த ஏற்பாட்டுக்கு ஹோமியோஸ்டாசிஸ் என்று பெயர் சூட்டியவர் அமெரிக்கரான வால்டர் கேனன், ஆண்டு 1926. அதே 1926-இல்தான் நம் சென்னை மாகாணத்தில் நர்ஸுகளையும் மருத்துவச்சிகளையும் பதிவு செய்யும் சட்டம் வந்தது. இரண்டுக்கும் உறவு ஒன்றும் இல்லை. ஆனாலும் நல்ல ஜோடிப் பொருத்தம் என்று எனக்குத் தோன்றியது.

பெயர் வாயில் நுழையாவிட்டால் போகட்டும். விஷயம் நம் வீட்டுச் சமையலறையிலேயே இருக்கிறது. மாதக் கடைசி. அரிசி டப்பாவின் அடி தெரிகிறது. அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து நாலு விருந்தாளிகள் வந்து இறங்குகிறார்கள். வீட்டுக்காரி என்ன செய்கிறாள்? ரசத்தில் இன்னும் இரண்டு செம்பு தண்ணீர் சேர்கிறது. அடுத்த வீட்டிலிருந்து ஒரு படி அரிசி புடைவைத் தலைப்புக்குள் மறைந்து வருகிறது. குழந்தைக்கும் விருந்தாளிக்கும் குறைவில்லாமல் பரிமாறுகிறாள். தான் மட்டும் "எனக்குப் பசியில்லை" என்கிறாள். விருந்தாளி ஏப்பம் விட்டுக்கொண்டு, "சமையல் பிரமாதம்!" என்கிறார். கூடத்திலே அமர்ந்திருப்பவருக்குக் குறை ஒன்றுமே தெரியாது. டப்பாவைத் திறந்து பார்த்தவளுக்குத்தான் தெரியும்.

உடம்பும் இதே குடித்தனத்தைத்தான் நடத்துகிறது. வளர்ந்த மனிதருக்குச் சுமார் ஐந்து லிட்டர் ரத்தம். விபத்திலோ, பிரசவத்திலோ அது குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே இருதயம் வேகமாக ஓடத் தொடங்குகிறது. இருக்கிற ரத்தத்தை அடிக்கடி சுற்றி அனுப்பி இல்லாத ரத்தத்தை ஈடுகட்டுகிறது. தோலுக்கும் கைகால்களுக்கும் போகும் குழாய்கள் சுருங்கிவிடுகின்றன. மூளைக்கும் இருதயத்துக்கும்தான் முதல் பந்தி. சிறுநீரகம் தண்ணீரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் கைகால் சில்லிடுகிறது, சிறுநீர் குறைகிறது. இவ்வளவும் உள்ளே நடந்துகொண்டிருக்கும்போது, கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தால் அது சாதுவாக 120 என்று காட்டும். சமையல் பிரமாதம்!

எதுவரைக்கும் இந்த நாடகம் நடக்கும்? முக்கால் லிட்டர் ரத்தம் போகும்வரை வெளியே அநேகமாக ஒன்றும் தெரியாது. அதற்குமேல் ஒன்றரை லிட்டர் வரையில் நாடி நூறைத் தாண்டி ஓடும், மூச்சு வேகமாகும், ஆள் கொஞ்சம் நிலைகொள்ளாமல் இருப்பார், ஆனால் ரத்த அழுத்தம் பெரும்பாலும் விழாது. ஒன்றரை லிட்டரும் தாண்டிய பிறகே அது விழ ஆரம்பிக்கிறது. விழும்போது படிப்படியாக விழுவதில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, நினைவிருக்கிறதா? சாலையோரம் நின்ற வண்டிகளையெல்லாம் வெள்ளம் உருட்டிக்கொண்டு போயிற்று. அந்தப் பக்கத்து விவசாயியைக் கேளுங்கள், சொல்லுவார்: ஏரி நிரம்பும்போது கரை பார்வைக்கு அப்படியேதான் இருக்கும், உடைகிற நிமிஷம் வரையில் அது கரைதான். ரத்த அழுத்தமும் அப்படித்தான். இளம் வயதினரிடத்திலும் குழந்தைகளிடத்திலும் கரை இன்னும் அதிக நேரம் நிற்கும். உடைந்தால் இன்னும் வேகமாக உடையும்.

ஆகவே பரீட்சையில் கேள்வி எப்படி வருகிறது தெரியுமா? "வயிற்றில் ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்த நோயாளி போர்வையைத் தள்ளுகிறார்; ஊசிக் குழாயைப் பிடுங்கப் பார்க்கிறார்; நாடி 116; ரத்த அழுத்தம் 118-க்கு 80. முதலில் என்ன செய்வாய்?" கீழே நாலு விடைகள். வலிக்கு மருந்து கொடு, சமாதானம் சொல்லு, கட்டைப் பிரித்து ரத்தக் கசிவு இருக்கிறதா என்று பார், பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி ரத்த அழுத்தம் பார். நாலுமே ஒரு நல்ல நர்ஸ் செய்யக்கூடிய காரியங்கள்தாம்! ஆனால் முதலில் எது? அழுத்தம் சரியாக இருக்கிறதே என்று நம்புகிறவள் தோற்றாள். அந்த அமைதியின்மையையும் நாடியையும் சேர்த்துப் பார்த்து, "இவருக்கு உள்ளே எங்கேயோ ரத்தம் போகிறது" என்று சந்தேகப்படுகிறவள் தேறினாள்.

"சந்தேகப்படுவதற்கா மூன்று வருஷம் படிக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"ஆமாம் மாமா. மரியாதையாகச் சந்தேகப்படுவதற்கு!" என்றாள்.

* * *

எல்லா நாடகமும் சில மணி நேரத்தில் முடிந்துவிடுவதில்லை. மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் நடப்பதும் உண்டு. நம் பெண்களின் ரத்தசோகையை எடுத்துக்கொள்ளுங்கள். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. இவர்களெல்லாம் படுக்கையிலா இருக்கிறார்கள்? களை பறிக்கிறார்கள், மாங்காய்க் கூடை சுமக்கிறார்கள், பஸ்ஸில் நின்றுகொண்டே வேலைக்குப் போகிறார்கள். ரத்தம் மெள்ள மெள்ளக் குறைந்ததால் உடம்பு மெள்ள மெள்ளப் பழகிக்கொண்டது. இருதயம் கூடுதலாக உழைக்கிறது. ரத்தத்தின் சிவப்பணுக்கள் தாம் சுமந்து வந்த பிராணவாயுவை இன்னும் தாராளமாக இறக்கி வைக்கக் கற்றுக்கொள்கின்றன. "கொஞ்சம் அசதி, வேறொன்றுமில்லை" என்கிறாள் அந்தப் பெண். உண்மையில் அவள் கையிருப்பையெல்லாம் செலவழித்துவிட்டாள். பிரசவத்தில் மற்றவர்கள் தாங்கிக்கொள்ளும் அளவு ரத்தம் போனாலும் அவளால் தாங்க முடியாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குத் திரும்பத் திரும்ப ரத்தப் பரிசோதனை செய்து இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்களே, அது சும்மா ஒரு சடங்கு அல்ல. அதை மாடத்தில் வைத்து மறந்துவிடும் சகோதரிகள் தயவுசெய்து இந்த வரியை இரண்டு தடவை படிக்க வேண்டும்.

சர்க்கரை வியாதிக்காரருக்கு இன்சுலின் அடியோடு போதாமல் போனால் ரத்தத்தில் அமிலம் ஏறும். அமிலத்தை வெளியே தள்ளுவதற்கு உடம்புக்குக் கைவசம் இருக்கிற வேகமான வழி மூச்சு. ஆகையால் அவர் ஆழமாக, வேகமாக மூச்சு வாங்குகிறார். மூச்சில் பழுத்த பழம் போன்ற வாடை வரலாம். இதை 1874-இல் கவனித்து எழுதியவர் குஸ்மால் என்ற ஜெர்மன் டாக்டர். இன்றும் அந்த மூச்சு அவர் பெயராலேயே வழங்குகிறது. பார்க்கிறவர்களுக்கு ஆஸ்துமா மாதிரி தோன்றும். நோய் இருப்பதோ ரத்தத்தில். நுரையீரல் பாவம், ஊரார் கடனை அடைக்க ராப்பகலாக உழைத்துக்கொண்டிருக்கிறது!

இப்படிப் பாடம் நடந்துகொண்டிருந்தது. ஏழாவது நாள், புத்தகத்தில் இருந்த பாடம் திண்ணைக்கே வந்து படுத்துக்கொண்டது.

* * *

அக்காளின் மாமியாருக்கு எழுபத்து மூன்று வயது. எனக்கு அத்தை முறை. பேத்திக்கு ஆயா. காலையில் கோழி கூவுவதற்கு முன் எழுந்து மாட்டுக் கொட்டகையைக் கூட்டுகிறவர், அன்று மத்தியானம் திண்ணையில் சுருண்டு படுத்திருந்தார். "என்ன அத்தை?" என்று அக்காள் கேட்டாள். பதில் என்னவென்று உங்களுக்கே தெரியும். "ஒன்றுமில்லை, வெயில்." அக்கினி நட்சத்திரம் அல்லவா? எல்லோரும் நம்பினோம்.

மெதுவாக விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. முதல் நாள் ஒரு கல்யாண வீட்டில் சாப்பாடு. விடியற்காலையிலிருந்து பேதி. எத்தனை தடவை என்று எண்ணவில்லை. மருமகளைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று சொல்லவில்லை. அக்காள் கணவர் அலமாரியிலிருந்து பிரஷர் பார்க்கும் கருவியை எடுத்து வந்தார். பட்டையைச் சுற்றினார். இயந்திரம் புஸ்ஸென்று மூச்சு விட்டு எண்ணைக் காட்டியது: 118-க்கு 76.

வீட்டார் முகத்தில் நிம்மதி பரவியது. ஏனென்றால் ஆயாவுக்குப் பத்து வருஷமாக ரத்தக் கொதிப்பு. மாத்திரை சாப்பிட்டும் 150, 160 என்றுதான் இருக்கும். "பார்த்தாயா, பிரஷர்கூட நன்றாக இறங்கியிருக்கிறது!" என்றார் அக்காள் கணவர். கோடி வீட்டுப் பெரியவர், "மோரைக் கரைத்துக் கொடுங்கள், தூங்கி எழுந்தால் சரியாய்ப் போய்விடும்" என்றார்.

ஒருத்தி மட்டும் சந்தோஷப்படவில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து போய் ஆயாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள் ஒரு சுற்று வரும்வரை பேசவில்லை. அப்புறம் இன்னொரு சுற்று, கையை விடாமலேயே. இந்தத் தடவை அவள் கண் கிழவியின் மார்பில் இருந்தது. பாதத்தைத் தொட்டாள். நாக்கை நீட்டச் சொன்னாள். "ஆயா, கடைசியாக எப்போது ஒன்றுக்குப் போனீர்கள்?" என்று காதோடு கேட்டாள். "காலையில் ஒரு தரம் போனேன், இப்போது அதற்கென்ன அவசரம்?" என்றார் ஆயா.

அவள் எழுந்து வந்தபோது முகம் மாறியிருந்தது.

"அப்பா, 108-க்குப் போன் பண்ணுங்கள்."

"எதற்கம்மா? பிரஷர் நார்மல்தானே?"

"நார்மல்தான். ஆனால் ஆயாவுடைய நார்மல் இல்லை. அவருக்கு எப்போதும் 160. அதிலிருந்து நாற்பது இறங்கியிருக்கிறது. நாடி 114. மூச்சு நிமிஷத்துக்கு 28. சித்திரை வெயிலில் பாதம் சில்லென்று இருக்கிறது. காலையிலிருந்து சிறுநீர் இல்லை. இது இறங்கின பிரஷர் இல்லை அப்பா, விழுகிற பிரஷர்."

அக்காள் கணவர் தயங்கினார். ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நின்றால் தெருவே கூடிவிடும்; நாளைக்கு நாலு பேர் விசாரிக்க வருவார்கள். ஆயாவும், "நான் எதற்கும் வர மாட்டேன்" என்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தப் பெண் தகப்பனாரிடம் குரலை உயர்த்தி நான் கேட்டது கிடையாது. அன்றும் உயர்த்தவில்லை. "ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டால் தெருவே கூடுவதற்கு வேறு காரணம் இருக்கும் அப்பா" என்று மட்டும் சொன்னாள். அவர் போனை எடுத்தார்.

வண்டி வருகிற வரையில் அவள் சும்மா இருக்கவில்லை. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரைத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆயா சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளை ஒன்று விடாமல் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். சில ரத்தக் கொதிப்பு மாத்திரைகள் நாடியை வேகமாக ஓட விடாதாம். அப்படிப்பட்ட மாத்திரை சாப்பிடுகிறவருக்கு உடம்பு தள்ளாடும்போதும் நாடி சாதுவாகவே இருக்கும். அதைக்கொண்டு ஏமாந்துவிடக்கூடாது, டாக்டர் அட்டையைப் பார்த்தே ஆக வேண்டும்.

ஊத்தங்கரை அரசு ஆஸ்பத்திரியில் வண்டியிலிருந்து இறக்கி ஆயாவை ஒரு கணம் உட்கார வைத்தார்கள். அந்த ஒரு கணந்தான். கண்கள் செருகின, தலை பேத்தியின் தோளில் சாய்ந்தது. படுக்க வைத்துப் பார்த்தபோது மேல் அழுத்தம் 84. கரை உடைந்த நேரம் அது. திண்ணையில் உடைய வேண்டியது, டாக்டரும் நர்ஸும் சலைன் பாட்டிலும் இருக்கும் இடத்தில் உடைந்தது. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அந்த வித்தியாசத்துக்குப் பெயர் உயிர்.

நரம்பு கிடைத்து மருந்துத் தண்ணீர் ஏற ஆரம்பித்தது. கொதிப்பு மாத்திரையை நிறுத்திவைக்கச் சொன்னார் டாக்டர். ராத்திரி பதினொரு மணி இருக்கும். பேத்தி வராந்தாவுக்கு ஓடி வந்தாள். "மாமா, ஆயா ஒன்றுக்குப் போய்விட்டார்கள்!" என்று கண்ணில் நீர் தளும்பச் சொன்னாள். பத்திரிகைத் தொழிலில் எத்தனையோ நல்ல செய்திகளை நான் அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். இப்படி ஒரு செய்தியை, இவ்வளவு சந்தோஷத்தோடு யாரும் எனக்குச் சொன்னதில்லை. சிறுநீரகம் பிழைத்தது என்று அதற்கு அர்த்தம்.

* * *

பேதிக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் மருந்தாகும் என்பது இன்று நமக்குச் சாதாரணமாக இருக்கிறது. 1971-இல் வங்காள அகதிகள் முகாமில் காலரா பரவியபோது டாக்டர் திலீப் மகாலனாபிஸ், ஊசி வழியாக ஏற்றும் சலைன் தீர்ந்துபோன நிலையில், இந்தக் கரைசலை வாய் வழியாகக் கொடுக்கத் துணிந்தார். நூற்றுக்கு 20, 30 என்று இருந்த சாவு 4-க்கும் கீழே இறங்கியது. வீட்டிலுள்ளவர்களே நோயாளிகளுக்கு அதைப் புகட்டினார்கள். குடல் நோயுற்றிருந்தாலும், சர்க்கரையோடு சேர்ந்து வரும் உப்பை மட்டும் உள்ளே வாங்கிக்கொள்ளும் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. அதுவும் உடம்பின் ஒரு சாமர்த்தியந்தானே? அந்தக் கதவைத் தெரிந்துகொண்டு தட்டியதுதான் மனிதனுடைய கெட்டிக்காரத்தனம்.

கவனித்து எண்ணுவதை இங்கிலாந்தில் ஒரு முறையாகவே வகுத்துவிட்டார்கள். 2012-இல் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் பிஸிஷியன்ஸ் சங்கத்தார் ஒரு மதிப்பெண் அட்டையை வெளியிட்டார்கள். மூச்சு, ரத்தத்தில் பிராணவாயு, ரத்த அழுத்தம், நாடி, நினைவு, உடம்புச் சூடு இந்த ஆறுக்கும் நர்ஸ் மார்க்குப் போட வேண்டும். கூட்டுத்தொகை ஏறினால் டாக்டரை அழைக்க வேண்டும். அட்டையில் முதல் வரி மூச்சு என்பதைக் கவனியுங்கள்.

இந்தக் கலை நமக்கு ஒன்றும் புதிதல்ல. சிங்காரப்பேட்டையிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கிற வேலூரில், ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-இலேயே நர்ஸுகளுக்குப் பள்ளி தொடங்கினார். 1946-இல் அது கல்லூரியும் ஆயிற்று. அன்று முதல் எத்தனையோ கிராமத்துப் பெண்கள் விநாடி முள்ளையும் நோயாளியின் மார்பையும் மாறி மாறிப் பார்க்கக் கற்றுக்கொண்டு உலகமெங்கும் போயிருக்கிறார்கள். அக்காள் மகளும் போவாள். அவளை நம்பி அங்கே யாரோ ஒரு முதியவள் கண்ணை மூடித் தூங்குவாள். நல்லதுதான். ஆனால் அதற்கப்புறம் நம் திண்ணைகளில் படுத்திருப்பவர்களின் மூச்சை யார் எண்ணுவது?

நாம்தான். நான் டாக்டர் அல்ல. உங்களை டாக்டராக்கவும் உத்தேசமில்லை. ஆனால் பத்து நாள் பாடத்தில் எனக்கு மிகவும் பெரியதாகத் தோன்றியது ஒன்று உண்டு. புத்தகத்திலுள்ள எண்கள் ஊர் பொது. ஆயாவுடைய 160 ஆயாவுக்கு மட்டும் சொந்தம். அதை எந்தப் பரீட்சையும் சொல்லிக்கொடுக்காது. எந்த ஆஸ்பத்திரி இயந்திரமும் தானாகத் தெரிந்துகொள்ளாது. வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். ஆகையால், எல்லோரும் சௌக்கியமாக இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், உங்கள் வீட்டுப் பெரியவர்களின் நாடி, மூச்சு, ரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்து, தினசரிக் காலண்டர் அட்டையின் பின்புறம் எழுதி வையுங்கள். பக்கத்திலேயே அவர்கள் சாப்பிடும் மாத்திரைகளின் பெயரையும் எழுதுங்கள். மூச்சை எண்ணும்போது எண்ணுகிறேன் என்று சொல்லாதீர்கள். சொன்னால் மூச்சு மாறிவிடும். நாடி பிடிக்கிற பாவனையில் முழுசாக ஒரு நிமிஷம் எண்ணுங்கள். சும்மா இருக்கும் பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. நோய் வந்த நாளில் அது 25-ஐத் தாண்டினாலும், கைகால் சில்லிட்டாலும், பல மணி நேரம் சிறுநீர் இல்லாவிட்டாலும், தெளிவாகப் பேசுகிறவர் திடீரென்று குழம்பினாலும், இயந்திரம் 120 காட்டுகிறதே என்று மட்டும் உட்கார்ந்திருக்காதீர்கள். வயதானவர்களுக்குத் தாக உணர்ச்சியும் குறைந்துவிடும். தண்ணீர் கேட்கவில்லை என்பதால் தண்ணீர் வேண்டாம் என்று அர்த்தமில்லை.

பரீட்சை அடுத்த மாதம், பெங்களூரில். கம்ப்யூட்டர் எத்தனையாவது கேள்வியோடு அணையுமோ, யார் கண்டது? இதற்கிடையில் சிங்காரப்பேட்டையில் ஒரு புது வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. தினமும் சாயந்திரம் பேத்தி ஆயாவின் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு நிமிஷம் பேசாமல் இருக்கிறாள். ஆயாவுக்கு இதெல்லாம் கட்டோடு பிடிக்கவில்லை.

"ஏண்டி, பால்காரனுக்குக் கணக்கு, வண்ணானுக்குக் கணக்கு. என் மூச்சுக்குமா கணக்கு?" என்று கேட்கிறாராம்.

"இருபது ஆயா. இன்றைக்குக் கணக்குச் சரியாக இருக்கிறது" என்கிறாளாம் பேத்தி.